பூ முத்துவதற்குள்

செப்டம்பர் கடைசியில் பீச் மரங்களைப் பிடுங்கி முடித்தார்கள். அன்றோடு ஜகீர் சிங்குக்குத் தூக்கம் போயிற்று.

முதல் வாரம் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபது ஏக்கர் மரத்தைப் பறிகொடுத்த மனிதர் நாலு நாள் புரளத்தானே செய்வார் என்று விட்டுவிட்டார்கள். ஒரு மாதமானது. இரண்டு மாதமானது. பக்கத்து நகரமான யூபா சிட்டியின் டாக்டர் கொடுத்த மாத்திரை அவரைப் படுக்கையில் கிடத்தியதே தவிர உறங்க வைக்கவில்லை. கண் மூடியிருக்கும், காது விழித்திருக்கும். தம்பி தர்பாரா சிங்கின் மனைவி ஷிந்தோ கசகசாவும் பாதாமும் அரைத்துக் கலந்த பாலைத் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு எலுமிச்சை மரமும் டிராக்டர் கொட்டகையும்தான். குருத்வாராவில் யாரோ உள்ளங்காலில் கடுகெண்ணெய் தேய்க்கச் சொன்னார்கள். நசீப் கௌர் கணவரின் காலை மடியில் போட்டுக்கொண்டு மூன்று மாதம் தேய்த்தாள். எண்ணெயெல்லாம் போர்வைக்குத்தான் போனது.

ஜனவரியில் ஒரு காலை, கால்வாய்க் கரையில் பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டு போனவர், கரை வளைந்த இடத்தில் வளையாமல் நேரே போய்விட்டார். வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. கால்வாயில் தண்ணீர் விடாத மாதமாக இருந்ததால் நெற்றியில் ஒரு வீக்கத்தோடு வீடு வந்து சேர்ந்தார்.

"தூங்கிட்டீங்களா?" என்று நசீப் கேட்டாள்.

"தூங்கியிருந்தா நல்லா இருந்திருக்குமே. முழிச்சுக்கிட்டேதான் போனேன். கரை முடிஞ்சது தெரியல."

அதைச் சொன்னபோது அவர் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு நசீப் யோசிக்கவில்லை. வண்டிச் சாவிகள் அன்றைக்கே ஷிந்தோ வீட்டுக்குப் போயின.

மரங்கள் செத்ததற்கு அவர்தான் காரணம் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். ஐந்து வருடத்துக்கு முன்னால், கிழட்டு மரங்களைப் பிடுங்கிய கையோடு புதுக் கன்று வைப்பதா, மண்ணை இரண்டு வருடம் சும்மா போடுவதா என்று அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு வந்தது. மண்ணில் நூற்புழு இருக்கிறது, வேரைத் தின்னும், கொஞ்சம் பொறு என்றான் தர்பாரா. "மண்ணுக்கு என்னடா ஓய்வு? அது என்ன பென்ஷன் வாங்குற ஆளா?" என்று கேட்டுவிட்டு, அந்தக் குளிர்காலத்திலேயே கன்றுகளை நட்டார் ஜகீர் சிங். மூன்று வருடம் நன்றாகத்தான் வளர்ந்தன. முதல் பெரிய காய்ப்பு வர வேண்டிய வசந்தத்தில் பட்டை வெடித்துப் பிசின் வடிந்தது. ஒரு வரிசை, அடுத்த வரிசை, அதற்கடுத்த வரிசை. கோடை முடிவதற்குள் இருபது ஏக்கரும் குச்சியாக நின்றது. கையால் ஆட்டினாலே மரம் ஆடியது. கீழே வேர் இல்லை.

இயந்திரம் வந்து மரத்தைக் கவ்விப் பிடுங்கியபோது ஜகீர் சிங் ஒவ்வொரு வரிசைக்கும் கூடவே நடந்தார். தர்பாராவும் நடந்தான். 'நான் அப்பவே சொன்னேனே' என்ற ஒரு வார்த்தையை அவன் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

அக்டோபரில் அந்த வெறும் நிலத்தில் கடுகு விதைத்தார்கள். இளம் தழை இரண்டு வீட்டுக்கும் குருத்வாராவுக்கும். வடக்கு ஓரம் நாலு வரிசை, விதை முற்றவிட்டு ஊறுகாய்க்கும் தாளிப்புக்கும். மற்றதெல்லாம் மண்ணுக்கு. செடி நெஞ்சளவு வளர்ந்து முழுதாகப் பூத்திருக்கும்போது பொடியாக நறுக்கி, அந்த ஈரத்தோடேயே மண்ணுக்குள் புரட்டி, மேலே உருளையை ஓட்டி மூடிவிட வேண்டும். உள்ளே கிளம்பும் காரத்தில் புழு மூச்சு முட்டிச் சாகும். பூ காயாகிவிட்டால் தண்டு முத்திவிடும், காரம் விதைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், மண்ணுக்கு ஒன்றும் மிஞ்சாது. நாள் தவறக்கூடாத வேலை.

தை மாதத்து மூடுபனியில் குருத்வாராப் பெண்கள் கீரை பறிக்க வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை லங்கர் என்னும் பொதுச் சாப்பாட்டுக்கு. பனியில் ஆளுக்கு ஆள் தெரியவில்லை. குரல் மட்டும் இங்கொன்றும் அங்கொன்றுமாக மிதந்தது.

"ஷிந்தோ, எங்கடி இருக்கே?" என்றது ஒரு கிழக் குரல்.

"இங்கதான் பெரியம்மா. உங்க குரல் பக்கத்துல இருக்கு, ஆளைக் காணோம்."

"முத்தல் தண்டைப் போட்டுடாதே. போன வாரம் யாரோ மரக்கட்டையப் போட்டு மசிச்சிருந்தாங்க. என் பல்செட்டு கழண்டு கீரையோட போயிடுச்சு."

"கண்டுபிடிச்சீங்களா?"

"கண்டுபிடிக்காம? வரிசையில எனக்குப் பின்னால நின்னவரு தட்டுல இருந்துச்சு. மனுசன் அன்னையிலேருந்து கீரையே தொடுறதில்லையாம்."

பனிக்குள் சிரிப்பு ஓடி அடங்கியது. அப்போது பெண்களுக்கு நடுவே தலைப்பாகையும் கம்பளியுமாக ஒரு உருவம், யாரையும் பார்க்காமல், எதையோ எண்ணிக்கொண்டே போவதைப்போல நடந்து போயிற்று. மரங்கள் நின்ற இடைவெளிக் கணக்கில் அடி வைத்து நடந்தது. பெண்கள் கூடையோடு ஒதுங்கி வழிவிட்டார்கள். நசீப் கௌர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. கூடையில் இருந்த கீரையை எடுத்து மறுபடி அதே கூடையில் போட்டாள்.

பிப்ரவரி முடிந்தது. பனி விலகியபோது சட்டர் குன்றுகள் பச்சையாகத் தெரிந்தன. அதற்கும் ஆற்றங்கரை மேட்டுக்கும் நடுவில் இருந்ததெல்லாம் மஞ்சள். பாதாம் பூத்து ஓய்ந்த தோட்டங்களிலிருந்து தேன்பெட்டிக்காரர் முப்பது பெட்டிகளைக் கொண்டுவந்து தெற்கு எல்லையில் இறக்கிவிட்டுப் போனார். காலை ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் நிலம் முழுவதும் ஒரே சுருதியில் முனகத் தொடங்கும். சமையலறை ஜன்னலைத் திறந்தால் அந்த ஓசை உள்ளே வரும். நசீப் சப்பாத்தி மாவு பிசையும்போது, கைக்குள்ளிருந்தே அந்த ஓசை வருவதைப்போல அவளுக்குத் தோன்றும்.

மார்ச் முதல் வாரம். மத்தியானம் மக்காச்சோள ரொட்டியும் மோரும் எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் போனாள். கணவர் வழக்கமாக நிற்கும் தண்ணீர்க் குழாய் அருகே அவர் இல்லை. கொட்டகையில் இல்லை. இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் ரோகேலியோ எண்ணெய்க் கையோடு வெளியே வந்தான். மெக்சிகோக்காரன், பதினெட்டு வருடமாக இவர்களோடு இருப்பவன். தர்பாராவைப் பார்த்துப் பார்த்து அவனும் அவளை அண்ணி என்றே கூப்பிடுவான்.

"அண்ணன் கால்வாய்ப் பக்கம் போன மாதிரி இருந்துச்சு அண்ணி."

கால்வாயில் அந்த வாரம்தான் தண்ணீர் விட்டிருந்தார்கள்.

அவள் ஓடினாள். குறுக்கு வழி கடுகுக்குள்தான். செடிகள் மார்பில் இடித்தன, துப்பட்டா எங்கோ சிக்கிப் பின்னாலேயே நின்றுவிட்டது. "ஏங்க!" என்று கூப்பிட்டாள். மஞ்சள் அவள் குரலை அப்படியே விழுங்கியது. பாதி தூரம் போயிருப்பாள், கால் எதிலோ தட்டியது. ஒரு ஜோடி செருப்பு. குளிக்கப் போகிறவர் கழற்றி வைப்பதைப்போல ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்தது.

இரண்டடி தள்ளி, சாய்ந்த செடிகளின் மேல், ஜகீர் சிங் மல்லாந்து படுத்திருந்தார். அவள் குனிந்தாள். பிறகு பார்த்தாள், வயிறு ஏறி இறங்கியது. வாய் லேசாகத் திறந்திருந்தது. வெள்ளைத் தாடியெல்லாம் மகரந்தம். தலைப்பாகையின் மடிப்பில் ஒரு தேனீ இறங்கி, ஏதோ தேடிவிட்டு, ஒன்றும் இல்லை என்று எழும்பிப் போயிற்று. மெல்லிய குறட்டை வந்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு கேட்கிற குறட்டை.

நசீப் கௌர் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இருமல் வந்தது, கையால் வாயைப் பொத்தி அடக்கினாள். தலைக்கு மேல் பூங்கொத்துகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு அசைந்தன, அவற்றின் இடுக்கில் வானம் துண்டு துண்டாகத் தெரிந்தது. பூவின் வாசம் இனிப்பும் இல்லை, காரமும் இல்லை. மழையில் நனைந்த சாக்குப்பையில் தேன் கொட்டியதைப்போல ஒரு வாசம். தேனீக்களின் ஓசை மேலே ஒரு கூரையைப் போட்டிருந்தது. அந்தக் கூரைக்குக் கீழே வெளியுலகச் சத்தம் ஒன்றும் இறங்கவில்லை, நெடுஞ்சாலை லாரி கூட. கண்ணை ஒரு நிமிடம் மூடலாம் என்று நினைத்தாள்.

கண் திறந்தபோது அவர் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

"மோர்ல எறும்பு விழுந்துடுச்சு. எடுத்துட்டுக் குடிச்சுட்டேன்" என்றார்.

"மணி என்ன?"

"மூணு இருக்கும். நீ குறட்டை விடுறே நசீப். இவ்வளவு வருசம் எனக்குத் தெரியாமப் போச்சு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள். கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு அப்படியேதான் இருந்தது. ஆனால் அந்தக் கண்கள் இப்போது அவளைப் பார்த்தன. அவளைத் தாண்டி எங்கேயோ பார்க்கவில்லை.

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். அவள் ரொட்டியோடு பின்னாலேயே போய், செருப்பு கிடக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, சத்தமில்லாமல் உட்காருவாள். படுக்கையில் வராத தூக்கம் அங்கே தலை சாய்த்ததும் வந்தது. அவர் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, கல்யாணமாகி இருபத்தொன்பது வருடத்தில் இந்த மனிதரை இவ்வளவு நேரம் சும்மா பார்த்துக்கொண்டு இருந்ததே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. இடது காது மடலில் ஒரு மச்சம் இருந்தது. அது புதிதா, முன்பே இருந்ததா, தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை டீக்கு தர்பாரா வந்தான். பின்னால் ஷிந்தோவும் வந்தாள்.

"அண்ணி, நறுக்குற மெஷினுக்குச் சொல்லிட்டேன். திங்கக்கிழமை வருது. அன்னைக்கே புரட்டி மூடிடலாம்."

நசீப் அடுப்பைத் தணித்தாள். "அடுத்த வாரம் வெச்சுக்கலாமே."

"ஏன்?"

"பூ இன்னும் இருக்கே."

"பூ இருக்கும்போதுதானே அண்ணி புரட்டணும்! பூ போனப்புறம் எதப் புரட்டுறது, வைக்கோலையா? ஏப்ரல் கடைசியில தொட்டிக் கன்னு வந்துடும். அதுக்கு முன்னால மண்ணு நாலு வாரமாவது வேகணும்."

"தெரியும் தர்பாரா. நானும் இந்த வீட்லதான் இருக்கேன்."

"அப்புறம் என்ன?"

அவள் சொல்லிவிட்டாள். கடுகுக்குள் தூங்குகிறார் என்றும், வேறெங்கேயும் தூங்கவில்லை என்றும், இன்றோடு எட்டாவது நாள் என்றும் சொன்னாள். தர்பாரா டீக் கோப்பையை வாயருகே வைத்தபடி கேட்டான்.

"ஒரு ஆளு தூங்குறதுக்கு இருபது ஏக்கர் மெத்தையா?"

"கேலி பண்ணாதே."

"கேலி இல்ல அண்ணி. ஒரு மூலைய விட்டு வெச்சிடுறேன். பத்து வரிசை. படுத்துக்கட்டும்."

"பத்து வரிசையில இந்தச் சத்தம் வருமா? இந்த வாசம் வருமா? எதனால தூங்குறார்னே எனக்குத் தெரியாது. எதைக் கழிச்சா தூக்கம் போகும்னு நான் எப்படிச் சொல்றது?"

ஷிந்தோ குறுக்கே வந்தாள். "ஏங்க, ஒரு பத்து நாள் பொறுத்தா என்ன குடி முழுகிப்போகும்?"

"நீ சும்மா இரு. பத்து நாள்ல காய் பிடிச்சிடும். போன தடவை மண்ணு கேட்டத நாம குடுக்கல. மறுபடியும் குடுக்கலேன்னா..." அவன் நிறுத்திக்கொண்டான். பக்கத்து அறையில் ஜகீர் சிங் தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தார். துணியை உதறும் சத்தம் அந்த இடத்தில் சட்டென்று நின்றது.

தர்பாரா குரலைத் தணித்தான். "மண்ணு செத்தா இன்னொரு அஞ்சு வருசம் போகும். அப்ப யாருக்கும் தூக்கம் வராது அண்ணி. புரிஞ்சுக்கோங்க."

"புரியாமலா கேக்குறேன்? நெலத்துக்கு இது மருந்து. அவருக்கும் இதுதான் மருந்து. ஒரே பாட்டில். யாருக்கு ஊத்துறதுன்னு நீயே சொல்லு."

அவன் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தான். "அடுத்த வியாழக்கிழமை. அதுக்கு மேல முடியாது."

அந்த நாட்களில் நசீப் கௌருக்கு வேறொரு வேலை வந்து சேர்ந்தது. காலையில் எழுந்ததும் நிலத்துக்குப் போய்ச் செடியின் அடிப்பூவைப் பார்ப்பாள். பூ உதிர்ந்த இடத்தில் ஊசி முனையாகப் பச்சைக் காய் நீட்டியிருக்கும். முதலில் செடிக்கு இரண்டு. பிறகு நாலு. ரோகேலியோ ஒன்றைக் கிள்ளி நகத்தால் பிளந்து அவளிடம் காட்டினான். உள்ளே தண்ணீர்தான் இருந்தது.

"இன்னும் விதை கட்டல அண்ணி."

"கட்டினா சொல்லு."

"யாருகிட்ட சொல்லணும்? உங்ககிட்டயா, தர்பாரா அண்ணன்கிட்டயா?"

"என்கிட்ட."

"அவரும் அப்படித்தான் சொன்னாரு, அவருகிட்டன்னு" என்று அவன் தலையைச் சொறிந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜகீர் சிங் கண்ணைத் திறக்காமலேயே பேசினார். தூக்கத்துக்குள் போகிற வழியில் நின்று பேசுவதைப்போல இருந்தது.

"நசீப், மரத்தப் புடுங்குறப்ப ஒரு சத்தம் வரும். நீ கேட்டியா?"

"கேட்டேன்."

"வேர் அறுற சத்தம். இருந்த வேரே கொஞ்சம். அதுவும் விடல, இழுத்துப் பிடிச்சுப் பார்த்துட்டுத்தான் அறுந்துச்சு. வீட்ல படுத்தா தலகாணிக்குள்ள அது கேக்குது. இங்க கேக்கல. இதுங்க முனகுது பாரு, அது எல்லாத்தையும் மூடிடுது."

அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"தர்பாரா ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்" என்றார். "சின்ன வயசுல அவனோட பட்டத்த நான் அறுத்ததுக்கே என்கிட்ட ஒரு மாசம் சண்டை போட்டவன். இதுக்கு ஒண்ணுமே சொல்லல. கூட நடந்தான். அண்ணே தண்ணி குடிக்கிறியான்னு கேட்டான். ஒருத்தன் நம்மள திட்டுறதுக்குக்கூட லாயக்கில்லன்னு நெனச்சுட்டா எப்படித் தூங்குறது?"

"அவன் அப்படி நெனைக்கலங்க."

அதற்குள் அவர் தூங்கியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது பனி மறுபடியும் இறங்கியிருந்தது. தரையிலிருந்து பூவின் தலையையும் தாண்டி, ஆள் உயரத்துக்கு மேல். சாயங்காலம் மழை என்றும் மூன்று நாள் பெய்யும் என்றும் வானொலியில் சொன்னார்கள். சேற்றில் இயந்திரம் இறங்காது. மழைக்குப் பிறகு வெயில் வந்தால் காய் ஒரே வாரத்தில் முற்றிவிடும். இதையெல்லாம் தர்பாரா அதிகாலையிலேயே கணக்குப் பார்த்துவிட்டான். நறுக்கு இயந்திரம் திங்கட்கிழமையே வந்து கொட்டகையில் நின்றது. அண்ணி வீட்டுக் கதவைத் தட்டினான். அவள் குளித்துக்கொண்டிருந்தாள், தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை. போனில் கூப்பிட்டான். போன் சமையலறையில் அடித்து ஓய்ந்தது.

நசீப் ஈரத் தலையோடு வெளியே வந்தபோது டிராக்டர் ஓசை கேட்டது. பிறகு அதற்கு மேல் இன்னொரு ஓசை. ஆயிரம் கத்தி ஒன்றாகச் சுழலும் நறுக்கு இயந்திரத்தின் ஓசை. படுக்கையைப் பார்த்தாள். காலியாக இருந்தது. வாசலில் அவர் செருப்பு இல்லை.

மத்தியானம் போகிறவர் இன்று விடியற்காலையிலேயே போய்விட்டார்.

அவள் செருப்பில்லாமல் ஓடினாள். எங்கே என்று தேடுவது? இருபது ஏக்கர், நெஞ்சளவு செடி, மேலே பனி. மஞ்சளும் வெள்ளையும் கலந்து பாலில் குங்குமப்பூ கரைந்ததைப்போல ஒரே பரப்பாகக் கிடந்தது. தேனீக்கள் இன்னும் எழும்பவில்லை. டிராக்டர் எந்தப் பக்கம் வருகிறது என்றுகூடத் தெரியவில்லை; ஓசை எல்லாப் பக்கமும் இருந்தது. "தர்பாரா! நிறுத்து! உள்ள இருக்காரு!" கத்திக்கொண்டே ஓசை அதிகமாகிற பக்கம் ஓடினாள். பனிக்குள்ளிருந்து இரண்டு மஞ்சள் விளக்குகள் தெரிந்தன. அவள் கைகளை அகல விரித்துக்கொண்டு அவற்றின் முன்னால் போய் நின்றாள்.

தர்பாரா பிரேக்கை மிதித்தான். டிராக்டர் குலுங்கி நின்றது, கத்திகள் சுற்றி ஓய்ந்தன. அந்த அமைதியில் அவளுக்குப் பின்னால், நாலே அடியில், செடிகள் அசைந்தன. பூவுக்குள்ளிருந்து ஒரு தலைப்பாகை எழுந்தது. பிறகு மகரந்தம் அப்பிய தாடி. ஜகீர் சிங் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

தர்பாரா இறங்கினான் என்பதைவிட விழுந்தான் என்று சொல்ல வேண்டும். அண்ணனின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினான்.

"உனக்குப் புத்தி இருக்கா? இருக்காடா உனக்கு?" அண்ணனை அவன் டா போட்டு நசீப் கேட்டதே இல்லை. "நாலடி! இன்னும் நாலடி வந்திருந்தா உன்னை நானே நறுக்கிப் போட்டிருப்பேன்! யாரு சொல்றதையும் கேக்க மாட்டியா? எப்பவும் உன் இஷ்டம்தானா? அன்னைக்குச் சொன்னேன், மண்ணச் சும்மா போடுன்னு சொன்னேன், கேட்டியா? பென்ஷன் வாங்குற ஆளாடான்னு எல்லார் முன்னாலயும் கேட்டே! ரோகேலியோ சிரிச்சான்! மூவாயிரம் கன்னு, ஒவ்வொண்ணுக்கும் நானும்தான் குழி பறிச்சேன். எனக்கும்தான் போச்சு. நான் எங்கடா போய்ப் படுக்கிறது? எனக்கு எந்தச் செடி இருக்கு?"

கத்தக் கத்த அவன் குரல் உடைந்து கீச்சென்றாகிவிட்டது. ஜகீர் சிங் தடுக்கவில்லை. உலுக்குகிற பக்கமெல்லாம் ஆடினார். வெயிலில் நிற்கிறவன் மழையை வாங்கிக்கொள்வதைப்போல முகத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்திருந்தார். தம்பி ஓய்ந்ததும், தன் சட்டையைப் பிடித்திருந்த அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"ரோகேலியோ எதுக்குடா சிரிச்சான்?"

"எனக்கு எப்படித் தெரியும்? அவனையே கேளு."

ஜகீர் சிங் குனிந்து பக்கத்துச் செடியில் ஒரு காயைக் கிள்ளினார். பிளந்தார். உள்ளே வெளிறிய பச்சையில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், விதை வரிசை கட்டியிருந்தது.

"விதை கட்டிடுச்சு" என்றார். "ஏறு. இன்னைக்கே முடிச்சாகணும். நீ நறுக்கு, நான் பின்னாலேயே புரட்டுறேன். உருளைக்கு ரோகேலியோவ வரச் சொல்லு."

"நீங்க டிராக்டர் ஓட்டக் கூடாது" என்றாள் நசீப்.

"அப்ப நீயும் ஏறு. தூங்குனா குத்து."

எட்டு மணிக்குத் தொடங்கினார்கள். முன்னால் தர்பாரா, பூவும் தண்டும் பச்சைக் கூழாகத் தெறிக்க. பின்னால் ஜகீர் சிங், அந்தக் கூழைக் கறுப்பு மண்ணுக்குள் புரட்டிக்கொண்டு. மட்கார்டில் உட்கார்ந்திருந்த நசீப் ஒரு கையால் இரும்பையும் ஒரு கையால் கணவரின் தோளையும் பிடித்திருந்தாள். கடைசியில் ரோகேலியோ, உருளையால் மண்ணை அழுத்தி மூடிக்கொண்டு. பனி கலைந்து, வெயில் வந்து, அதுவும் மேகத்துக்குள் போயிற்று. தேனீக்கள் பெட்டியிலிருந்து எழும்பி வந்து, நேற்றிருந்த பூ இல்லாத இடத்தில் குழம்பிச் சுற்றிவிட்டு, மிச்சமிருந்த மஞ்சளை நோக்கி நகர்ந்தன. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த மஞ்சள் குறுகியது.

காரம் பத்து மணிக்கெல்லாம் எழும்பியது. அரைத்த கடுகை மூக்கில் வைத்துத் தேய்த்ததைப்போல. மண்ணிலிருந்து கண்ணுக்குத் தெரியாத புகை வந்து கண்ணையும் தொண்டையையும் பிடித்தது. நசீப்புக்கு நீர் கொட்டியது. ரோகேலியோ முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டான். தர்பாரா தும்மிக்கொண்டே ஓட்டினான். ரொட்டி கொண்டுவந்த ஷிந்தோ வரப்பிலேயே நின்று, "என்னங்க இது, சாவு வீடு மாதிரி எல்லாரும் கண்ணத் தொடைச்சுக்கிட்டு!" என்று கத்திவிட்டுத் தானும் முக்காட்டால் துடைத்துக்கொண்டாள்.

மத்தியானத்துக்கு மேல் நசீப் ஒன்றைக் கவனித்தாள். தன் கைக்குக் கீழே இருந்த தோள் குலுங்கியது. டிராக்டரின் குலுங்கல் வேறு, இது வேறு. அவர் முகத்தைப் பார்த்தாள். தாடி முழுவதும் நனைந்திருந்தது. வாய் கோணியிருந்தது. இயந்திரச் சத்தத்தில் அவர் அழுகிற சத்தம் கேட்கவில்லை. கேட்காது என்பதால்தான் அழுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. மரம் பிடுங்கிய அன்றைக்குக்கூட ஒரு சொட்டு விடாத மனிதர். அவள் எதிரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிடியை மட்டும் கொஞ்சம் இறுக்கினாள். அவர் வரிசையை ஒரு சாண்கூடப் பிசகவிடாமல் ஓட்டினார்.

நாலு மணிக்கு நறுக்கி முடிந்தது. வடக்கு ஓரத்து நாலு வரிசை தவிர எல்லாம் கறுப்பு. ஜகீர் சிங் கடைசிப் பட்டையைப் புரட்டி முடித்து, இயந்திரத்தை நிறுத்தி, இறங்கினார். முகத்தைத் துடைக்கவில்லை. டிராக்டரின் பெரிய சக்கரத்தில் சாய்ந்து மண்ணில் உட்கார்ந்தார். "கொஞ்சம் தண்ணி குடு" என்றார். நசீப் பாட்டிலைத் திறந்து திரும்புவதற்குள் தலை தோளில் விழுந்திருந்தது.

தேனீ இல்லை. பூ இல்லை. கண்ணைப் பிடுங்குகிற காரமும், வெற்று மண்ணும், டீசல் நாற்றமும்தான். அதற்கு நடுவே குறட்டை வந்தது.

உருளை இன்னும் அந்தக் கடைசிப் பட்டைக்கு வரவில்லை. ரோகேலியோ தூரத்து முனையில் திரும்பிக்கொண்டிருந்தான். நேரே வந்தால் இவர் காலடியில்தான் வர வேண்டும், இரைச்சலோடு. புரட்டிய மண்ணை உடனே அழுத்தாவிட்டால் காரம் காற்றில் போய்விடும். ஒரு மணி நேரம் போதும், அந்தப் பட்டைக்குச் செய்த வேலையெல்லாம் வீண். தர்பாரா மூச்சிரைக்க நடந்து வந்தான். அண்ணனைப் பார்த்தான். மண்ணைப் பார்த்தான். நசீப் அவனைப் பார்த்தாள். இந்த முறை அவள் கேட்கவில்லை.

அவன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ரோகேலியோவைப் பார்த்துக் குறுக்கே ஆட்டினான். உருளை நின்றது. என்ஜின் ஓய்ந்தது.

"அந்த ஒரு பட்டை போனாப் போகட்டும் அண்ணி" என்றான் மெதுவாக. "அடுத்த வருசம் பார்த்துக்கலாம்."

அப்போது முதல் துளி விழுந்தது. பிறகு நாலு துளி, புரட்டிய மண்ணில் சின்னச் சின்னக் குழி போட்டுக்கொண்டு. சாயங்காலத்துக்கு என்று சொன்ன மழை முன்னாலேயே வந்துவிட்டது. எழுப்பலாமா என்று, உருளையை விட்டு ஓடி வந்த ரோகேலியோ கண்ணாலேயே கேட்டான். தர்பாரா தலையாட்டி மறுத்துவிட்டு, டிராக்டர் பெட்டியிலிருந்து தார்ப்பாயை உருவினான். ஒரு முனையைச் சக்கரத்துக்கு மேலே இரும்பில் கட்டினான். மற்ற மூன்று முனைகளை மூன்று பேரும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மழை வலுத்துப் பாயின் மேல் சடசடவென்று விழுந்தது. மூவர் முதுகும் நனைந்தது. கை வலித்தது. காரத்தில் கண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது, துடைக்க யாருக்கும் கை இல்லை.

கீழே ஜகீர் சிங் காலை நீட்டி வசதியாகப் படுத்துக்கொண்டார்.